காதில் விழுந்தபடி

“போனை இப்படிக் கொடு. ஒன்பது மணி வரைக்கும் அது என் பையிலேயே இருக்கட்டும்.”

டிவி மெக்கானிக் போனை நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட தலைவர், ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். ஐந்து மாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர் அவர். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மெக்கானிக்கின் கடை. அதற்கு நேர் மேலே தலைவரின் வீடு.

“நான் ஒரு தப்பும் பண்ணல தலைவரே.”

“அதைத்தான் பார்க்கப் போறோம். மூணு வாரமா அந்த நிகழ்ச்சியில என் மானம் கப்பலேறுது. நம்ம கட்டடத்துச் சமாச்சாரத்தை எவனோ போன்ல சொல்லிக் கொடுக்கறான். எல்லார் வீட்டுக்குள்ளயும் போய் வர்ற ஆள் நீ ஒருத்தன்தான்.”

‘எட்டு மணி வாய்க்கொழுப்பு’ டிவியில் வரும் ஒரு நேரலை நிகழ்ச்சி. அதில் வரும் காமெடியன் எதையும் மனப்பாடம் செய்து பேசுவதில்லை. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு நிற்பார். யாரோ ஒரு நேயர் தன் வீட்டிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, காதில் விழுந்ததை அப்படியே ஒப்பிப்பார். சொல்வது யார் என்று அவருக்கே தெரியாதாம்.

“இப்ப நீ என் கண் முன்னாடி இருக்கே, போனும் என்கிட்ட இருக்கு. இன்னைக்கு அந்தக் காமெடியன் பேசினா நீ தப்பிச்சே. வாயடைச்சு நின்னான்னா, மாசக் கடைசிக்குள்ள கடையைக் காலி பண்ணிடு.”

பன்னிரண்டு வருடக் கடை. மெக்கானிக், ரிப்பேருக்கு வந்து மேசைமேல் கிடந்த ஒரு டிவியைப் போட்டார். கட்டடம் முழுக்க எல்லா ஜன்னல்களிலும் அதே நிகழ்ச்சியின் இசை கேட்டது. மூன்றாம் மாடி டீச்சரும் வேன் டிரைவரும் கடை வாசலிலேயே வந்து நின்றுகொண்டார்கள்.

காமெடியன் வணக்கம் சொன்னார். காதைத் தொட்டார். அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். மறுபடியும் தொட்டார்.

“லைன் இன்னும் வரலைங்க.”

தலைவரின் முகம் மலர்ந்தது. “பார்த்தியா?” என்றார்.

‘யாராக இருந்தாலும் சரி, வாயைத் திறந்து தொலையுங்களேன்’ என்று மெக்கானிக் மனதுக்குள் கெஞ்சினார். அரை நிமிடம் போனது. ஒரு நிமிடமும் போனது.

“வந்துடுச்சு” என்றார் காமெடியன். “எங்க தலைவர்கிட்ட, லிஃப்ட் ஏன் ஓடலைன்னு கேட்டேன். ‘ஓடினா ரிப்பேர் ஆயிடும், அதான் நிறுத்தி வெச்சிருக்கேன்’னாரு.”

மேல்மாடிகளில் விசில் பறந்தது. டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெக்கானிக்குக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அங்கே தலைவரின் மானம் போகப் போக, இங்கே மெக்கானிக்கின் கடை திரும்பி வந்துகொண்டிருந்தது.

“புகார்ப் பெட்டியைப் பூட்டிட்டுச் சாவியைத் தொலைச்சிட்டாரு. அந்தச் சாவியைத் தேட ஒரு கமிட்டி போட்டாரு. கமிட்டி மேல புகார் வந்துச்சு. எங்க போடறது? அதே பெட்டியில போட்டோம்.”

இதற்குத் தலைவரே குபீரென்று சிரித்துவிட்டார். பாதிச் சிரிப்பில்தான் அது தன் கதை என்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டார்.

காமெடியன் விட்டபாடில்லை. “இருங்க இருங்க, பால் பொங்குது, அடுப்பை அணைச்சிட்டு வரேன்” என்று காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்துவிட்டு, ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு நின்றார். அதற்கும் கட்டடமே அதிர்ந்தது. டிரைவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஆங், எங்க விட்டேன்? தலைவர் தினமும் குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகறாரு. நடுநடுவுல கைதட்டலுக்கு வேற நிறுத்தறாரு.”

தலைவர் எழுந்தேவிட்டார். “அதை எவன்யா பார்த்தான்?” என்றவர், வாசலில் ஆள் இருப்பதைக் கவனித்துக் குரலைத் தாழ்த்தினார். “சரி, நீ இல்ல. ஒப்புக்கறேன். கடையை நீயே வெச்சுக்கோ. இந்தா உன் போன்.”

மெக்கானிக் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நான் வீட்டுக்குப் போறேன், சம்சாரம் தனியா இருப்பா. நல்லவேளை, இந்தக் கண்றாவியை அவ பார்க்கறதில்ல. அதுக்குத்தானே டிவியை உன்கிட்ட கொண்டாந்து போட்டேன்? இன்னும் ஒரு மாசம் இங்கேயே கிடக்கட்டும்.”

மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது அந்த டிவிதான். நான்கு நாளாகக் குடைந்தும் கோளாறு ஏன் பிடிபடவில்லை என்று மெக்கானிக்குக்கு இப்போதுதான் விளங்கியது.

“பார்த்தாலும் அவளுக்குப் புரியாது. வாயில்லாப் பூச்சி” என்று சொல்லிக்கொண்டே தலைவர் படியேறினார்.

டிவியில் காமெடியன் உச்சத்தில் இருந்தார். “இதைக் கேளுங்க, போன வாரம் தலைவர் என்ன பண்ணாரு தெரியுமா?” என்று ஆரம்பித்தார்.

நேர் மேலே, தலைவர் வீட்டு அழைப்பு மணி அடித்தது.

காமெடியன் சட்டென்று நிறுத்திக் காதைத் தொட்டார். பிறகு வழக்கம்போல, காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்தார்:

“ஐயையோ, எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு. போனை வெச்சிடறேன்.”