தேய்ந்துபோன லேத்

மாமனாரும் மருமகனும் இரண்டு வருடமாகத் தேடிய அந்த அபூர்வ மாடல் லேத் மெஷின், கடைசியில் ஒரு கொட்டகையில் அகப்பட்டது.

மாமனார் அதன் அடித்தளமான பெட்டின் நீளத்துக்கும் முள் வைத்த டயல் கேஜை ஓட்டிப் பார்த்தார். பெட் தேய்ந்திருந்தால் முள் ஆடும்.

“தேஞ்சுபோச்சு மாப்ளே. வேணாம்.”

“வாங்க வந்தீங்களா, குத்தம் சொல்ல வந்தீங்களா?” விற்பவர் சலித்துக்கொண்டார். “தம்பி, நீங்களே பாருங்க.”

மருமகனும் ஒருமுறை கேஜை ஓட்டினான். கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்திருந்தான்.

“ஆமா மாமா, தேஞ்சுதான் இருக்கு. அடுத்த ஞாயிறு வேற எடம் பாக்கலாம்.”

மாமனாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மகள் இறந்த பிறகு, இருவரும் சேர்ந்து கிளம்புவதற்கு இந்தத் தேடலை விட்டால் வேறு சாக்கு இல்லை.

இருவர் கையிலும் முள் இம்மியும் அசையவில்லை.