பிளாஸ்டிக் தவளை

ஏரிக் குத்தகைக்காரர் எல்லப்பன் துடுப்பும் கையுமாகக் கரையேறி வந்தபோது, ஆல்வின் விரால் குஞ்சுக் கூட்டத்தின் மேலேயே தூண்டிலில் மாட்டிய பிளாஸ்டிக் தவளையை வீசி வீசி இழுத்துக்கொண்டிருந்தான்.

“குஞ்சு காக்கற மீனுடா அது. அதுக்குப் பசியே எடுக்காது.”

“பசிக்கு இல்லண்ணா. குஞ்சுகிட்ட எது வந்தாலும் கோவத்துல கடிக்கும்.”

சொல்லி வாய் மூடவில்லை, தண்ணீர் வெடித்தது. வாய் கிழிந்து துள்ளிய விராலைக் கல்லில் ஓங்கி அடித்தான் ஆல்வின். எல்லப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“தூண்டில எடுத்துக்கினு கெளம்பு.”

“கெளம்பறேன். உம்பொண்ணு நிஷா வாலாஜாபாத்ல எனக்காகக் காத்துக்கினு கீது. லாட்ஜுல ரூம் போட்டுட்டேன்.”

அவ்வளவுதான். துடுப்பின் முதல் அடியில் ஆல்வினின் பல் தெறித்தது. அடுத்ததில் கை முறிந்தது. அவன் ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கவில்லை. எல்லப்பன் மூச்சு வாங்கி நின்றபோது, ரத்த வாயோடு சிரித்தான்.

“அந்தப் பனைமரத்தடியப் பாருண்ணா.”

அங்கே சாய்த்து வைத்திருந்த செல்போன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

“நாளைக்குக் காலைல ஏரி குத்தகை ஏலம். நீ லாக்கப்புல இருப்ப. நான் கட்டுப் போட்டுக்கினு போய்க் கேட்டுக்கறேன்.”

எல்லப்பன் கையிலிருந்து துடுப்பு நழுவியது.

“நிஷாவா? அந்தப் பொண்ண நான் பார்த்ததுகூட இல்லண்ணா.”