நேர்கோட்டில் நிற்கும் புள்ளிகள்

டொம்... புஸ்ஸ்... டொம்.

போனில் முதலில் வந்தது அந்தச் சத்தம்தான். அப்புறம்தான் ஆள் பேசினான்.

"சொல்லுங்க மேடம், வெற்றிவேல்தான்."

"நல்லா இருக்கியாப்பா? காலேஜ்ல கேக்கறாங்க. இப்ப என்ன வேலையில இருக்கே?"

"மெட்டீரியல் டெஸ்டிங் லேப், மேடம். மறைமலை நகர். ஜூனியர் சயின்டிஸ்ட்." மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலச் சொன்னான்.

டொம்... புஸ்ஸ்... டொம்.

"லேப்ல என்னப்பா இவ்ளோ சத்தம்?"

"டெஸ்ட் ஓடுது மேடம்."

பின்னால் யாரோ கத்துவது கேட்டது. "டேய் வேலு, மெஷின் ஓடிக்கினு கீது, உனுக்கு போன்ல இன்னா பேச்சு? கை போயிடும்டா."

"எங்க சீனியர் சயின்டிஸ்ட், மேடம்," என்றான் வெற்றிவேல்.

"வெற்றி, என்கிட்டயே பொய் சொல்றியா?"

"வெச்சிடறேன் மேடம்."

சுப்ரஜா போனை மேசைமேல் வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம். தாம்பரத்துக் கல்லூரியின் இயற்பியல் துறையில் அவளையும் மின்விசிறியையும் தவிர வேறு யாரும் இல்லை. எதிரே, இரண்டு வருஷத்துக்கு முன்னால் படித்து முடித்துப் போன நாற்பத்திரண்டு பேரின் பட்டியல்.

காலையில் துறைத் தலைவர் கஸ்தூரிரங்கன்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

"திங்கக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருது சுப்ரஜா. பாதிப் பேராவது ஃபிசிக்ஸ் சம்பந்தப்பட்ட வேலையில இருக்கணும். போன வருஷம் கெமிஸ்ட்ரில தேறல. தனம் மேடத்தை ஜூன்ல கூப்பிடவே இல்ல. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பதினோரு வருஷமாக ஒவ்வொரு ஜூனிலும் கூப்பிட்டால்தான் அவளுக்கும் வேலை.

கூடவே ஒரு புது அடையாள அட்டையும் தந்தார். பழைய அட்டையில் 'ஒப்பந்த விரிவுரையாளர்' என்று இருக்கும். இதில் 'உதவிப் பேராசிரியர்'.

"கமிட்டி போனதும் மறக்காம ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துடுங்க."

அட்டையின் புதுக் கயிறு காலையிலிருந்து கழுத்தை அரித்துக்கொண்டிருந்தது.

பட்டியலைப் பார்த்தாள். வெற்றிவேலுக்கு முன்னால் இருபத்தாறு பேரிடம் பேசியாயிற்று. சோலார் கம்பெனி, எக்ஸ்ரே கருவி, லேசர், சென்சார். ஒருத்தன்கூட வேலை கிடைக்கவில்லை என்று சொல்லவில்லை. ஒருத்திகூடக் கல்யாணமாகி வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

ஊசல் ஆட்டி அளவெடுக்கும் பிள்ளைகளைப் பதினோரு வருஷம் பார்த்தவள் அவள். நிஜமாக எடுத்த அளவு அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று சிதறித்தான் விழும். புள்ளி எல்லாம் ஒரே கோட்டில் நின்றால், கோட்டை முதலில் போட்டுவிட்டுப் புள்ளியை அப்புறம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ரீடிங்கைக் 'குக்' பண்ணுவது என்பார்கள். அந்த நோட்டையெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிடுவாள். "வந்ததை எழுது. வராததை எழுதாதே."

இன்றைக்கு அவளுக்கே சமைத்துப் போடுகிறார்கள். மெஷினில் நிற்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லக்கூட வாய் வராத அளவுக்கு அப்படி என்ன கௌரவம்?

பென்சிலை எடுத்து, வெற்றிவேல் பெயருக்கு நேரே 'பிரஸ் மெஷின் ஆபரேட்டர்' என்று எழுதினாள். மற்ற இருபத்தாறு பேரையும் மறுபடி கூப்பிட்டு உள்ளதை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். ஜூன் போனால் போகட்டும்.

இருபத்தெட்டாவது பெயர் வினிதா.

"மேடம்... நான் வந்து... ஆப்டிக்ஸ்... ஒரு நிமிஷம் மேடம்."

போனில், வினிதாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி மாம்பழக் கலரில் பெரிய பார்டர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தேடறே?"

"யார் யாருக்கு என்ன வேலைன்னு ஃபிரெடி எங்க கிளாஸ் வாட்ஸப் குரூப்ல போட்டிருந்தான் மேடம். என்னோடது மறந்துபோச்சு."

சுப்ரஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மொத்த கிளாஸும் சேர்ந்து பொய் ரீடிங் போடறீங்களா? இதுக்கா மூணு வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன்? புடவைக் கடையில நிக்கறேன்னு சொல்ல என்னம்மா வெட்கம்?"

"எனக்கென்ன மேடம் வெட்கம்? கேக்கறவங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றேன். உங்ககிட்ட மட்டும்தான் மாத்திச் சொல்லணும்னு பேசி வெச்சிருந்தோம்."

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

வினிதா கொஞ்சம் தள்ளிப் போனாள் போல. மாம்பழக் கலர் பெண்மணியின் குரல் தேய்ந்தது.

"ஃபிரெடியோட அக்கா கெமிஸ்ட்ரி படிச்சவங்க மேடம். போன வருஷம் தனம் மேடம் இதே மாதிரி போன் பண்ணப்போ, அவங்க கிளாஸ்ல எல்லாரும் உள்ளதைச் சொல்லிட்டாங்க."

"சரி."

"தனம் மேடம் இப்ப எங்க கடையிலதான் மேடம் இருக்காங்க. இதோ, பில் போட்டுட்டு இருக்காங்க. பேசறீங்களா?"

சுப்ரஜா கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

"குரூப்ல என்னோடது கிடைச்சிடுச்சு மேடம்," என்றாள் வினிதா. "லென்ஸ் கம்பெனி. குவாலிட்டி அனலிஸ்ட். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டாள்.

பிறகு ரப்பரை எடுத்து, வெற்றிவேல் பெயருக்கு நேரே இருந்ததைத் தேய்த்தாள். தூளை ஊதிவிட்டு, அந்த இடத்தில் 'ஜூனியர் சயின்டிஸ்ட்' என்று பேனாவால் எழுதினாள்.

கழுத்துக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, இருபத்தொன்பதாவது எண்ணை அழுத்தினாள்.