ரெண்டு லட்ச ரூபாய்ப் பெட்டி

“ரெண்டு லட்சமா? எவனோ உன் தலையில மொளகா அரைச்சிட்டான்டா!”

உறுவையாறு கிராமத்தில் எவரையும் நம்பாதவர் என்று பெயரெடுத்தவர் கலியன். கடையில் நிறுத்துக் கொடுத்த அரிசியை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். மகன் வாங்கி வந்த ஸ்பீக்கரை நம்பிவிடுவாரா?

“என் போன்ல கேக்காததா இதுல கேட்டுடும்?”

“நீ நல்லாக் கேட்டுப் பழகுனது எதுனா குடுப்பா. போட்டுக் காட்டறேன்,” என்றான் மகன் ஞானவேலு.

கலியன் போனை நீட்டினார். செத்துப்போன மனைவி செண்பகம் ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசி அனுப்பியது அதில் இருந்தது. தினமும் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். ஞானவேலு அதை ஸ்பீக்கர் பெட்டியில் ஓடவிட்டான்.

“எனக்கு ஒண்ணுமில்லய்யா. நீ அறுப்ப முடிச்சிட்டு மெதுவா வா.”

கலியன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாப்பா, வித்தியாசம் தெரியுதா?”

“ஒரு மண்ணும் தெரியல. நிறுத்துடா!”

போனில் தெளிவாகப் பேசியவள், இந்தப் பெட்டிக்குள் சொல்லுக்குச் சொல் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

ஆயுசில் அவர் சந்தேகப்படாமல் நம்பியது அந்த ஒரு பேச்சைத்தான். நம்பித்தான் அறுப்பை முடித்துவிட்டு, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு மெதுவாகப் போனார். அதற்குள் அவள் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.