பார்த்து எழுதியது

"இது யாரு போட்ட கையெழுத்து?"

தஸ்னீம் கேட்டதும் எட்டாம் வகுப்பே நிமிர்ந்து பார்த்தது. விடைத்தாளின் அடியில் 'சின்ராசு' என்று இருந்தது. விடை எழுதிய அதே ஊதா மை. அதே சாய்ந்த எழுத்து.

"எங்கப்பா பேரு மிஸ்."

"பேரைக் கேக்கல. போட்டது யாரு?"

"நான்தான் மிஸ்," என்றாள் பவித்ரா.

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பி.எட். பயிற்சிக்காகப் போடியில் இருக்கும் அந்தப் பள்ளிக்கு தஸ்னீம் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவளே கேள்வி தயாரித்து, அவளே திருத்திய முதல் தேர்வு இது. வெறும் மார்க்கைப் போட்டுத் தூக்கிக் கொடுப்பதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைக்கு எங்கே சறுக்குகிறது என்று தாளிலேயே எழுத வேண்டும். அதைப் பெற்றவர்களும் பார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தாளிலும் இரண்டு மூன்று வரி எழுதி, மறுநாளே கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தாள்.

பவித்ராவுக்கு இருபத்தைந்துக்கு ஆறு. கீழே சிவப்பு மையில்: 'பாடம் புரியவில்லை. வகுப்பில் கவனம் இல்லை. பிழைகள் அதிகம்.'

இதை மறைக்கக் கள்ளக் கையெழுத்து! தஸ்னீம் அவளை வராண்டாவுக்கு அழைத்துப் போனாள்.

"அப்பாகிட்ட காட்டப் பயந்துக்கிட்டு நீயே போட்டுட்ட, அப்படித்தானே?"

"இல்ல மிஸ். அப்பாவும் அம்மாவும் போடிமெட்டுக்கு மேல ஏலக்காத் தோட்டத்துல வேலைக்கு இருக்காங்க. சனிக்கிழமைதான் ஜீப்புல எறங்கி வருவாங்க. நான் குரங்கணியில சித்தி வீட்ல இருக்கேன். நீங்க இன்னைக்கே கொண்டாரச் சொன்னீங்கள்ல? அதான் போன்ல வாசிச்சுக் காட்டினேன். அப்பாதான் நீயே போட்டுக்கன்னாரு."

"நம்பரைச் சொல்லு. பொய்னு தெரிஞ்சுச்சு, நேரா ஹெச்.எம். ரூமுக்குத்தான் போகணும்."

பவித்ரா தடுமாறாமல் சொன்னாள். ரொம்ப நேரம் அடித்து ஓயப் போகும் நேரத்தில் போனை எடுத்தார் சின்ராசு.

"பவித்ராவோட டீச்சர் பேசுறேன். பரீட்சைத் தாளைப் பத்தி உங்க பொண்ணு ஏதாச்சும் சொன்னாளா?"

"வாசிச்சுச்சுங்க டீச்சர். இருபத்தஞ்சுக்கு ஆறு. பாடம் புரியல, கவனம் இல்ல, பிழை அதிகம்னு நீங்க எழுதுனது அம்புட்டையும் வாசிச்சுச்சு. நடுவுல டவர் போயிருச்சு. நான் மறுபடி கூப்பிட்டா, அழுதுக்கிட்டே விட்ட எடத்துலருந்து வாசிக்குது. நான்தான், 'சரி ஆத்தா, அடுத்த தடவை பாத்துக்கலாம், என் பேரை நீயே போட்டுக்க'ன்னேன். தப்புங்களா?"

"இல்லண்ணே... தப்பில்ல."

போனை வைத்த தஸ்னீமுக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"ஏம்மா, அப்பா தாளைப் பார்க்கப் போறதில்ல. கொஞ்சம் மாத்தி வாசிச்சிருந்தா அவருக்கு எங்க தெரியப்போகுது?"

பவித்ரா புரியாமல் விழித்தாள்.

"எப்படி மிஸ் மாத்துறது? நீங்க என்னையப் பார்த்துத்தானே எழுதியிருப்பீங்க?"

தஸ்னீமுக்குச் சுருக்கென்றது. 'வகுப்பில் கவனம் இல்லை' என்ற அதே வரியை, மார்க் குறைந்த தாள்களில் எல்லாம் மளமளவென்று எழுதித் தள்ளியிருந்தாள். பவித்ரா எந்த பெஞ்சில் உட்காருகிறாள் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

"சாயங்காலம் பஸ்சு வர்றவரைக்கும் என்கூட இருக்கியா? எது புரியலன்னு நீ சொல்லு, நான் கேக்குறேன்."

"இருக்கேன் மிஸ்." பவித்ரா முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஆசிரியர் அறைக்குத் திரும்பியபோது, தஸ்னீமுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த சந்திரவல்லி டீச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"தஸ்னீம், எனக்கு வெளியில ஒரு சோலி இருக்கு. உன் பயிற்சி ரெக்கார்டைக் கொண்டா, வெரசா கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

தஸ்னீம் ரெக்கார்டை எடுத்தாள். ஆனால் நீட்டவில்லை.

"இன்னைக்கு வேண்டாம் டீச்சர். நாளைக்கு என் வகுப்புல ஒரு பீரியட் வந்து உக்காருங்க. நான் எப்படி நடத்துறேன்னு பார்த்துட்டு நீங்களே எழுதுங்க."

சந்திரவல்லி டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா புதுசா? இத்தனை நாளும் 'கற்பித்தல் மிகச் சிறப்பு'ன்னு நீயேதானே எழுதிக் கொண்டாந்து என்கிட்ட கையெழுத்து வாங்குன?"