இரைச்சல் நின்றது

நூம்பலில் தகரக் கூரை போட்ட மாடி அறை. மடிக்கணினியில் வேலைக்கு நேர்காணல் எடுக்கும் பெண்மணியின் உதடுகள் அசைகின்றன. மோகனப்பிரியாவின் ஹெட்போனிலோ அப்பளம் பொரிகிற இரைச்சல்தான். இன்னொரு முறை இணைப்பு அறுந்தால் அடுத்தவரை அழைத்துவிடுவோம் என்ற வரி திரையோரத்தில் நிற்கிறது. அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறாள். தம்பி கோபி ஹெட்போன் பின்னை உருவி, சட்டையில் துடைத்து, ஊதிச் செருகிப் பார்த்துவிட்டு மேசைக்கடியில் குந்துகிறான். "சார்ஜர்லேர்ந்துதான்க்கா கொரகொரன்னு வருது. புடுங்கிடவா?" இரைச்சலுக்குள் இருக்கும் அவளுக்கு அது எட்டவில்லை. மடிக்கணினியின் பேட்டரி என்றோ செத்துவிட்டது என்பது அவன் நினைவில் இல்லை. பிளக்கைப் பிடுங்குகிறான். இரைச்சல் சட்டென நிற்கிறது. கறுத்த திரையில், சிரிப்பு கலையாத தன் முகத்தையே அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இன்னாக்கா, நின்னுச்சா?" என்று கீழேயிருந்து ஆசையாகக் கேட்கிறான் கோபி. "நின்னுடுச்சுடா."