விழிக்காத காலைகள்

மனிதர்களை உறக்கநிலையில் வைத்து எழுப்பும் கைப்பட்டைக்கு மென்பொருள் எழுதுபவள் குமுதவல்லி. அவள் கணவன் சபேசனின் பட்டையே சில நாள் அவனை மதியம்வரை எழுப்பவில்லை. பயந்துபோய் ஒரு வாரம் லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஏழு நாளும் ஆறு மணிக்கு டாணென்று எழுந்தான். மறுநாள் அவள் அதிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பினாள், மறுபடி கோளாறு.

பட்டையின் பதிவைத் திறந்தாள். அது சரியாக ஆறுக்கே எழுப்பியிருந்தது. சபேசன்தான் ரத்துசெய்துவிட்டு மறுபடி உறங்கியிருந்தான்.

“ஏங்க இப்படிப் பண்றீங்க?”

“எனக்கு வேலை போனதிலேருந்து, நீ இல்லாத வீட்ல எழுந்து என்ன பண்றதுன்னு தெரியலை, குமுதா.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அன்றே ஷிஃப்டை மாற்றித் தரச்சொல்லி எழுதினாள். காரணம் என்ற இடத்தில், ‘வீட்டில் சேர்ந்து காபி குடிக்க’ என்று போட்டாள்.